மாவு வாளியும் ஊழிக்காலமும்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயர்கிற நேரம். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் குலுங்கியது, அளவு 8.6. டி.வி.யில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓட ஆரம்பித்ததும், கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கோட்டுச்சேரிக்கு வருகிற சாலையில் சனம் மேற்கே பார்த்து ஓடி வந்தது. அதில் என் சித்தியும் வந்தாள். கையில் எவர்சில்வர் வாளி. அதில் அப்போதுதான் கிரைண்டரிலிருந்து வழித்த இட்லி மாவு. மூடி போட நேரமில்லை போலிருக்கிறது. ஓடிய ஓட்டத்தில் தளும்பித் தளும்பி முழங்கை வரை வெள்ளை வெள்ளையாக வழிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அதை மிதித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எதிரே நின்று பார்த்த எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

பொழுது சாயும்போது எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பயந்த மாதிரி எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெண்களிடையே முதலில் யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

"ஏக்கா, கடலு வந்தா இட்லி ஊத்திப் போடலாம்னு தூக்கிட்டு வந்தியா?"

"அரைச்ச கரண்டுக்கு பில்லு நான்தானடி கட்டுறேன்? அதை வுட்டுட்டு வரச் சொல்றியா?" என்றாள் சித்தி.

தாழ்வாரமே குலுங்கியது. சைக்கிள் பெரியவரும் மாட்டிக்கொண்டார். "நான் அதுல வந்தா அது களைச்சிப் போவுமேன்னு தூக்கியாந்தேன்" என்று அவரே சொல்ல, கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தார்கள். அன்றிரவு அந்த மாவில்தான் தாழ்வாரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றியது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், இதே சித்தி இதே சாலையில் வெறுங்கையோடு ஓடி வந்தவள். அந்தக் கையில் அவள் பேத்தியின் கை இருந்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலை 6.28க்கு சுமத்ராவில் குலுங்கியது. எங்கள் கரைக்குத் தண்ணீர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் வலை பிரித்துக்கொண்டும், மீன் விலை பேசிக்கொண்டும், பிள்ளைகள் மணலில் ஆடிக்கொண்டும் இருந்தார்கள். சொல்ல ஆளில்லை. சுனாமி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் மேட்டில் வயசானவர்கள் "கடல் உள்ள வந்த அன்னைக்கி" என்றுதான் சொல்வார்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று கரை நெடுகப் பறிகொடுக்காத குப்பம் இல்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள்.

அப்படி ஒரு நாளைப் பார்த்தவர்கள், அதே மாதிரி இன்னொரு நாள் வந்துவிட்டுப் போனதும் சிரிக்கலாமா? அன்றைக்கு எனக்குள் எழுந்தது ஒரு வாத்தியாரின் கேள்வி. கொஞ்சம் அகம்பாவமும் அதில் இருந்தது என்று இப்போது படுகிறது.

அதற்கு விடை ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்தின் வழியாக வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

என் தங்கை மகன் திருவேட்டக்குடியில் இருக்கிற என்.ஐ.டி.யில் படித்தவன். லீவு நாள் ஒன்றில் சித்தி வீட்டுத் திண்ணையில் செல்போனில் ஏதோ படித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். சித்தி முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, ஒண்டியா சிரிக்கிற?"

"கதை அம்மாச்சி. ஒலகம் அழியப்போற கதை."

"அதுல சிரிக்க என்னடா இருக்கு?"

அவன் சொன்னான். டெரி பிராட்செட், நீல் கெய்மன் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதி 1990இல் வந்த 'குட் ஓமன்ஸ்' என்ற நாவல். உலகத்தை முடித்து வைக்கப் பிறந்த சாத்தானின் பிள்ளையை ஒரு பெரிய மனிதர் வீட்டுக் குழந்தையின் இடத்தில் மாற்றி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரசவம் பார்க்கிற இடத்துக் கன்னியாஸ்திரீகள் குழப்பிவிடுகிறார்கள். பிள்ளை ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் போய்விடுகிறது. பூமியில் ஆறாயிரம் வருஷமாக எதிரெதிர் முகாமில் வேலை பார்க்கும் ஒரு தேவதூதனும் ஒரு பிசாசும் பதினோரு வருஷம் தப்பான பிள்ளையையே கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். அசல் பிள்ளை ஒரு கிராமத்தில் மூன்று சிநேகிதப் பிள்ளைகளோடு காட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறான். பதினோராவது பிறந்த நாளுக்கு நரகத்திலிருந்து அவனுக்கு ஒரு வேட்டை நாய் அனுப்புகிறார்கள். அவன் என்ன பெயர் வைக்கிறானோ அதுவாக அந்த நாய் மாறும். பையனுக்கோ, முயல் வளையில் மூக்கை விடுகிற மாதிரி ஒரு சின்ன நாட்டு நாய் போதும் என்று ஆசை. கண்ணில் நெருப்புப் பறக்க வந்த நாய், ஒரு காது மடிந்த குட்டி நாயாகிப் போகிறது.

சித்தி நெத்திலியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நாயாவே ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அம்மாச்சி."

சிரித்தாள் பாருங்கள், தாழ்வாரத்தில் சிரித்த அதே சிரிப்பு.

பிறகு நானும் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஆயிற்று. உலக முடிவைச் சிரித்துக்கொண்டே சொல்கிற கதைகளுக்கு இவ்வளவு இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அழிவைக் கேலி செய்வதால் வருகிற இழுப்பு என்று முதலில் நினைத்தேன். போகப்போக வேறாகத் தெரிந்தது. பெரியதைச் சின்னதன் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வருகிற நான்கு குதிரைவீரர்கள் இந்த நாவலில் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கொள்ளைநோய் மட்டும் பெனிசிலின் வந்ததும் மனசு நொந்து வேலையை விட்டு ஓய்வு பெற்றுவிட, அந்த இடத்துக்கு மாசு என்ற புது ஆள் நியமனம் ஆகியிருக்கிறான். லண்டனைச் சுற்றிப் போகிற எம்25 நெடுஞ்சாலையின் வடிவமே பிசாசு வரைந்த யந்திரம். தினமும் அதில் மாட்டி ஊர்கிற இலட்சக்கணக்கான பேரின் எரிச்சல்தான் அதற்கு நைவேத்தியம். தேவதூதனும் பிசாசும் உலகம் அழியக் கூடாது என்று தவிக்கிறார்கள். ஒருவனுக்குப் பழைய புத்தகக் கடை, நல்ல சாப்பாடு. இன்னொருவனுக்கு ஒரு பழைய கார். அந்தப் பையனும் கடைசியில் உலகத்தை அழிக்க மறுப்பது தத்துவம் பேசியல்ல. அவனுக்கு அவன் காடும் அவன் ஊரும் அப்படியே இருக்க வேண்டும்.

இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே டக்ளஸ் ஆடம்ஸ் வந்துவிட்டார். 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' 1978இல் பி.பி.சி. வானொலி நாடகமாகவும் மறுவருஷம் நாவலாகவும் வந்தது. ஒருவன் வீட்டைப் புறவழிச்சாலைக்காக இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. அதே நேரத்தில், விண்வெளிப் புறவழிச்சாலைக்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரகக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஆட்சேபணை சொல்ல வேண்டியவர்கள் பக்கத்து நட்சத்திரத்தில் இருக்கிற அலுவலகத்தில் ஐம்பது வருஷமாக ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்குக் கல் நட்டதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வயலில் கல் விழுந்த பிறகுதான் நோட்டீஸ் எந்தப் பலகையில் ஒட்டியிருந்தது என்று தேடப் போவோம். உலகம் முடிவதும் ஒரு சர்வே நம்பர் விவகாரம்தான் என்று ஆடம்ஸ் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. கூடவே வயிற்றில் ஏதோ புரளவும் செய்கிறது.

கர்ட் வானகட் என்ற அமெரிக்கர் விஷயம் வேறு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டு மழையில் எரிந்தபோது ஒரு இறைச்சிக் கூடத்தின் நிலத்தடி அறையில் இருந்து பிழைத்தவர். மேலே வந்து பார்த்தபோது நகரம் இல்லை. பிணங்களைத் தோண்டி எடுக்கிற வேலையைக் கைதிகளிடம் கொடுத்தார்கள். அந்த மனிதர்தான் 1963இல் 'கேட்ஸ் கிரேடில்' எழுதினார். உலகத்துத் தண்ணீரெல்லாம் ஒரே நாளில் உறைந்து எல்லாம் முடிந்துபோகிற கதை, பக்கத்துக்குப் பக்கம் நகைச்சுவையோடு. அவர் வாழ்க்கைக் குறிப்பைப் படித்த அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத் தாழ்வாரம் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. முடிவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரின் சிரிப்பு வேறு ரகம். பார்க்காதவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறோம்.

இதையெல்லாம் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எங்கள் ஊருக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் மாம்பழத்தை வீசுவார்கள். கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். நானும் சின்ன வயதில் ஒரு பழத்தை மண்டையில் வாங்கிக்கொண்டு வந்தவன்தான். விழாவின் நாயகி புனிதவதி என்ற காரைக்கால் அம்மையார். அழகையும் உடம்பையும் உதறிவிட்டுப் பேயுரு கேட்டு வாங்கியவள், கயிலைக்குத் தலையால் நடந்தவள். அம்மையாரை நாம் மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் திருவாலங்காட்டைப் பற்றிப் பாடிய பதிகத்தில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்?

அது சுடுகாடு. ஊழிக்கூத்தன் ஆடுகிற இடம். அங்கே ஒரு பெண்பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்து முடிந்த கொள்ளிக்கட்டை நுனியை மசித்துக் கண்ணுக்கு மை எழுதிக்கொள்கிறது. சிரிக்கிறது. பிறகு எதையோ கண்டு மிரண்டு துள்ள, பிணத்தீ சுட்டுவிடுகிறது. கோபம் வந்து புழுதியை வாரி இறைத்து நெருப்பை அணைக்கப் பார்க்கிறது. இன்னொரு பேய்க்குக் குழந்தை இருக்கிறது. குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து, சீராக வளர்த்து, உடம்புப் புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. போன அம்மாவைக் காணாமல் பேய்க்குழந்தை அழுது அழுது தூங்கிப்போகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் அவன் ஆடுகிறான்.

ஆயிரத்து நானூறு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரைக்கால் பெண் எழுதியது இது. எல்லாம் எரிந்து முடிகிற இடத்தில் கண்ணுக்கு மை போடுவதையும், பிள்ளைக்குப் புழுதி துடைப்பதையும் அவரால் பார்க்க முடிந்திருக்கிறது. முதலில் சிரிப்பு வருகிறது. அந்தக் குழந்தை தூங்குகிற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. நரகத்து நாயை நாட்டு நாயாக்கிய இரண்டு ஆங்கிலேயர்களுக்கும் இந்தப் பாட்டு தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்களைப் போர்க்களத்தில் கூழ் அட வைத்தார். தெருக்கூத்தில் துரியோதனன் சாகப்போகிற ராத்திரியிலும் கட்டியங்காரன் வந்து தன் வீட்டு வம்பைப் பேசிவிட்டுத்தான் போவான். வயசானவர் கல்யாணச் சாவுக்கு வேட்டும் பறையும் ஆட்டமும் வைக்கிற ஊர் நாம். பட்டியலை நீட்டினால் நீளும்.

எங்கள் வட்டாரத்தின் நிலப்படமே இப்படித்தான். கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே போனால் தரங்கம்பாடி; அதைத் தாண்டினால் திருக்கடையூர். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமன் உதைபட்ட ஊர். அறுபதும் எண்பதும் ஆனவர்கள் அங்கே மறுபடி மாலை மாற்றிக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். உதைபட்ட எமனுக்கு எதிரிலேயே கல்யாணச் சாப்பாடு. இன்னும் வடக்கே சீர்காழி, பிரளயத்தில் தோணியாக மிதந்த ஊர். கிழக்கே பூம்புகார், காணாமல் போன மகனைத் தேடிய துக்கத்தில் அரசன் இந்திரவிழா எடுக்க மறந்தான், அதனால் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. ஒரு மனிதனின் துக்கம், ஒரு மறதி, ஒரு நகரம். தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்து அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றபோது, உலக முடிவைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷமும் தமிழ் அச்சில் ஏறியது. எங்களுக்குப் பக்கத்து ஊரில். காரைக்கால் தெருக்களில் பிரளயம் பேசுகிறவர்களும் வெளிப்பாடு பேசுகிறவர்களும் கியாமத் நாள் பேசுகிறவர்களும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறோம். கலியுகத்துக்கு மொத்தம் 4,32,000 வருஷம், அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது என்று யாராவது கணக்குச் சொன்னால், "அப்ப இன்னொரு டீ சொல்லு" என்பார் பக்கத்தில் இருப்பவர்.

திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் வருவார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் அவர் அங்கே மாப்பிள்ளை. பாற்கடலில் பள்ளிகொண்டவனை, யுகம் முடிந்தால் ஆலிலையில் மிதக்கிறவனை, மாப்பிள்ளை என்று முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அவன் எவ்வளவு பெரியவனாக இருந்தால் என்ன? மாப்பிள்ளையைக் கேலி பேசலாம், சண்டை பிடிக்கலாம், ஒரு உதவியும் கேட்கலாம். அச்சம் தருவதை உறவுமுறைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வது எங்கள் கரையின் பழைய வித்தை.

இந்த வித்தையைத் தமிழ் உரைநடையில் சுத்தமாகச் செய்து காட்டியவர் புதுமைப்பித்தன். 'காலனும் கிழவியும்' கதையில் எமன் எருமையில் ஏறி ஒரு கிழவியைக் கூட்டிப்போக வருகிறான். கிழவி அவனை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. உயிரைத்தானே எடுத்துப்போவாய், இந்த உடம்பைத் தூக்கிப்போக முடியுமா, ஒன்றை இன்னொன்றாக மாற்றலாமே தவிர இல்லாமல் செய்ய உன்னால் ஆகுமா என்று மடக்குகிறாள். எமன் வந்த வழியே திரும்புகிறான். படிக்கிறபோது சிரிப்புக் கதை. மூடி வைத்த பிறகு அந்தக் கேள்வி மட்டும் நிற்கும்.

அச்சத்தை அதன் முழு அளவில் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு என்ன ஆகிறது என்பதையும் எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகம் சேர்கிறது, உலகம் முடிகிறது என்று நாடு முழுக்க யாகம் நடந்தது. அந்த வருஷம் ஆகஸ்டு 16இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எட்டுக் கிரகத்தால் எங்களுக்கு நடந்தது அவ்வளவுதான் என்று அப்பா சொல்வார். 1979 ஜூலையில் ஸ்கைலாப். எழுபது டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்க விண்கூடம் தலையில் விழப்போகிறது என்று ஊர் ஊராகப் பயம். போகிற உயிர் சாப்பிட்டுவிட்டாவது போகட்டும் என்று வளர்த்த ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்றவர்கள் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒருவர் கறவை ஆட்டை வெட்டினார். ஜூலை 11ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பால் இல்லை. எஸ்பரன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஊராட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. ஆடம்ஸ் எழுதியிருக்க வேண்டிய கதையை ஒரு ஊராட்சி எழுதிவிட்டது.

ஆட்டை வெட்டியவரைக் கேலி செய்வது சுலபம். அவர் செய்ததை நாம் இன்றைக்கும் வேறு உருவில் செய்துகொண்டிருக்கிறோம். கடல் ஏறி வருகிறது, பூமி சூடாகிறது, எல்லாம் முடியப்போகிறது என்று நாளைக்கு நாலு வாட்ஸ்அப் செய்தியை அனுப்புகிறோம். வாசலில் இருக்கிற வடிகால் அடைத்துக் கிடக்கிறது. அழிவு அவ்வளவு பெரியது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வடிகாலைத் தூர்வார வேண்டியதில்லை. அவ்வளவு பெரியதற்கு முன்னால் மண்வெட்டி என்ன செய்யும்? முழு நீள அச்சம் மனிதனுக்கு ஒரு விடுமுறைச் சீட்டு. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவலையான முகத்தோடு திரிவது சிலருக்கு கௌரவமாகவும் இருக்கிறது.

சிலருக்கு என்று எழுதினேன். என்னையும் சேர்த்துத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வருகிறது என்றபோது இரண்டு நாள் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். காற்றின் வேகம், கண் எங்கே இருக்கிறது, கரை எப்போது கடக்கும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கடந்தது. காற்றின் விளிம்பு எங்களுக்கும் கிடைத்தது. வீட்டை ஒட்டி நின்ற தென்னையின் காய்ந்த மட்டையையும் காய்க்குலையையும் கழிக்க வேண்டும் என்று ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு குலை விழுந்து அடுக்களை ஓடு நாலு வரிசை போயிற்று. மழைநீர் அரிசி டின்னுக்குள் இறங்கியது.

விடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போனேன். கூரையின் மேல் பழைய வலையை விரித்து, நாலு மூலையிலும் மணல் மூட்டையில் கட்டியிருந்தாள். உள்ளே ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதில் ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், ஆதார், சர்க்கரை மாத்திரை, தீப்பெட்டி, ஒரு டார்ச். எல்லாம் பால் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது. ஐப்பசி பிறந்தால் அந்தப் பை ஆணிக்கு வந்துவிடும். தை பிறந்தால் பெட்டிக்குள் போகும். பையோடு ஒரு எவர்சில்வர் மூடி சரட்டில் கட்டித் தொங்கியது.

"இது எதுக்கு சித்தி?"

"மாவு வாளிக்கு. போன தடவை மூடி இல்லாம பாதி மாவு ரோட்டுலயே போச்சுல்ல."

அந்த மூடியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் துளை போட்டு நைலான் நூல் கோத்திருந்தது. வலை கட்டுகிற முடிச்சு. தாழ்வாரத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அங்கே மூடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிக்காமல் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்த நான் வீட்டுக்குப் போய் ஓட்டுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

அதற்காக எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். புயல் எங்கோ கரை கடக்கும்போது நூற்றைம்பது மைல் தள்ளி உட்கார்ந்து மீம்ஸ் போடுகிற சிரிப்பு இருக்கிறது. லீவு விட்டார்களா என்பதுதான் அவர்களுக்குக் கவலை. "எப்படியும் போகப்போவுது, விடு மச்சான்" என்று தோளைக் குலுக்குகிற சிரிப்பும் இருக்கிறது. அது ஆட்டை வெட்டியவருக்குச் சொந்தக்காரன். அவரிடமாவது பயம் இருந்தது. உலக முடிவு நகைச்சுவை நாவல்களிலும் இந்தச் சாயல் உள்ளவை உண்டு. எதிலும் ஒட்டாமல், யாரையும் நேசிக்காமல், அடுக்கடுக்காக ஜோக் மட்டும் வருகிறவை. பாதியில் கீழே வைத்துவிடலாம். நல்ல புத்தகத்தில் ஒரு நாய் இருக்கும், ஒரு புத்தகக் கடை இருக்கும், இழக்க மனசு வராத ஏதாவது ஒன்று இருக்கும். அதன் மேல் இருக்கிற ஒட்டுதலால்தான் ஆசிரியருக்குச் சிரிக்க உரிமை கிடைக்கிறது.

மேட்டுப் பெண்களுக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். 2012 ஓட்டத்தைப் பற்றி இன்றைக்கும் கேலி பேசுவார்கள். 2004 பற்றிப் பேச்சு வந்தால் அலை எவ்வளவு உயரம், எந்தப் படகு எந்த வீட்டு மாடியில் கிடந்தது என்பது வரை வரும். படகு ஏறிய மாடிக்காரரைச் சீண்டவும் செய்வார்கள். ஒரு பெயர் வாயில் வந்துவிட்டால் போதும், பேச்சு அப்படியே நின்று, யாராவது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அலைக்குப் பிறகு கரையில் சவுக்கு நட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் நின்ற இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012இல் சனம் ஓட முடிந்ததே அதனால்தான். இனி கடல் வந்தால் யாரோ ஒருவர் சொல்வார்கள். சொன்ன பிறகு எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பது மட்டும் அவரவர் பாடு.

சென்ற டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சித்தியைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனோம். தங்கை மகனும் வந்திருந்தான். வாடைக் காற்று. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பாலை ஊற்றினார்கள், பூவை விட்டார்கள். சித்தி முழங்கால் தண்ணீரில் நின்று சொம்பைக் கவிழ்த்தாள். காலி சொம்பில் கொஞ்சம் கடல் தண்ணீரை மொண்டு, அலசி, அதையும் ஊற்றினாள். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

திரும்பி வருகையில் பாதி வழியில் சித்தி நின்றாள். புடவைக் கொசுவத்தைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தவள், அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, அந்தக் கதையில ஒரு நாய் வந்துச்சே. அப்பறம் அது என்னாச்சு?"

"அந்தப் பையன்கூடயே இருந்துருச்சு அம்மாச்சி."

"திரும்பிக் கூப்புடலையா, அனுப்பிச்சவங்க?"

"இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தாள்.

"சோறு அந்தப் பயதான் வெச்சானா, அவன் அம்மா வெச்சாளா?"